நூற்றெண்பது சென்டிமீட்டர்

நாள் முழுக்கப் படம் எடுக்கிறவள் நான்.
அறுபது நெஞ்சு, முப்பது முழங்கால்,
திங்கட்கிழமை என்றால் கூடுதல்.
தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது:
நெஞ்சுக்கு நூற்றெண்பது சென்டிமீட்டர்.
யாரும் கிட்டே வர வேண்டாம்,
தள்ளியும் போக வேண்டாம்.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடலாம்.
வங்காளத்திலும் சொல்வேன்,
ஷாஷ் நின், தோரே ராகுன்.
விடச் சொல்கிற சொல் மட்டும்
வாயில் நிற்காது.
கையால் காட்டுவேன்.

சீட்டு விழுந்தது, நாற்பத்திரண்டாயிரம்.
தோல் மூடிய மனிதர்களை எடுக்க
ஒரு கேமரா வாங்கலாமென்று தோன்றியது.
ஏன் என்று கேட்காதீர்கள்,
ஜெசிந்தா கேட்டதற்கே பதில் இல்லை.

ஆபீசர்ஸ் லைன், முபீன் பாய் கடை.
கண்ணாடி மேல் இரண்டை வைத்தார்.
ஒன்று சோப்புப் பெட்டி அளவு.
லென்ஸைக் கழற்ற முடியாது,
கழற்றினால் அப்புறம் கேமரா இல்லை என்றார்.
மற்றதற்கு உடல் தனி, கண் தனி.
செகண்ட் ஹேண்ட், இரண்டு லென்ஸ்,
விலை ஏறக்குறைய அதேதான்.

கல்யாண வீடியோ எடுக்கும் கொழுந்தன் பார்த்திபன்
போனில் கத்தினான்:
"கழட்டி மாட்டுறதையே வாங்குங்க அண்ணி,
நாளைக்கு ஆசை வளர்ந்தா?"
வளர்கிற பிள்ளைக்கு
இரண்டு சைஸ் பெரிசாய்ச் சட்டை எடுப்பதுபோல.
என் ஆசைக்கு நாற்பத்து நாலு வயது.

ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
முபீன் பாய் இரண்டையும் கொடுத்தனுப்பினார்.
"கோட்டை வரைக்கும் போய்ட்டு வாங்க மேடம்.
சின்னதுல ஜூம் கிடையாது. கால்தான் ஜூம்."

அகழிக்கு முன்னால் கால் நின்றுவிட்டது.
எதிர்க்கரைக் கல்லில் ஒரு மீன்கொத்தி.
சின்னதில் அது நீலப் புள்ளி.
பெரியதை எடுத்து,
குட்டி லென்ஸைத் திருகிக் கழற்றி,
நீள லென்ஸின் பின்மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
மாட்டி நிமிர்ந்தால்
கல் இருந்தது.
ரொம்பத் தெளிவாக இருந்தது.

பாலாறாக இருந்தால் தொல்லையே இல்லை.
வருடத்தில் பதினோரு மாதம்
எந்தக் கரைக்கும் நடந்தே போகலாம்,
மணலில் செருப்பு புதையும், அவ்வளவுதான்.
பாலாற்றுக்கு ஒரு லென்ஸ் போதும்.
அகழிக்குத்தான் இரண்டு.
இந்த ஊரில் இருந்துகொண்டு
எப்படி முடிவு செய்வது?

"தீதி" என்றார் ஒருவர்.
சட்டைப் பையில் லாட்ஜ் சாவி,
கக்கத்தில் எக்ஸ்ரே கவர், எங்களுடைய கவர்.
முகம் ஞாபகமில்லை,
விலா எலும்பைப் பார்த்தால் சொல்லியிருப்பேன்.
பக்கத்தில் மனைவி, பை நிறைய மாத்திரை.
காட்பாடியில் ராத்திரி ரயிலாம்,
அதற்குள் ஒரு படம்.

எதில் என்று யோசிக்கவில்லை,
கைக்கு வந்தது சின்னது.
பின்னால் போனேன், முன்னால் வந்தேன்,
கால் நின்ற இடம் எனக்குத் தெரிந்த இடம்.
டேப்தான் இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவராகவே தோளை முன்தள்ளி
முகவாயை உயர்த்தி
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.
அவரைப் பார்த்து அவளும்.

அழுத்தினேன்.
கழுத்து நரம்பு புடைக்கிறது, இன்னும் விடவில்லை.
அந்தச் சொல் வரவில்லை,
காட்டுவதற்குக் கையும் காலியில்லை.
கடைசியில் தமிழிலேயே கத்தினேன்,
விடுங்க!
இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள்,
அதை எடுக்கவில்லை.

சின்னதையே வாங்கினேன்.
ஆயிரம் குறைத்தார், பை இலவசம்.
பார்த்திபன் ஒரு வாரம் பேசவில்லை.
அவர் சொன்ன போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது,
படம் என்னிடமே கிடக்கிறது.

செய்தது சரியென்று சொல்ல மாட்டேன்.
டியூட்டி இல்லாத ராத்திரிகளில்
அந்த நீலப் புள்ளியைப் பெரிதாக்குவேன்,
இன்னும், இன்னும்.
வெறும் சதுரங்கள்.
ஒன்றில் மட்டும்
கொஞ்சம் ஆரஞ்சு.