பன்னிரண்டு லீற்றர்

கொட்டகலையில் கடல் இல்லை,
எல்லோருக்கும் தெரியும்.
என் வீட்டில், சீனி டின்னுக்கும் ரேடியோவுக்கும் நடுவில்
பன்னிரண்டு லீற்றர் இருக்கிறது.

"கறியுப்பு போட்டா சரிதானே?" என்றார் விமலசிறி,
என்னோடு கம்பம் ஏறுகிறவர்.
சரியில்லை.
கடலில் உப்பு மட்டுமா இருக்கிறது?
நீர்கொழும்பு நெவில் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொடியை
அடகுக்கடைத் தராசில் நிறுத்தேன்,
லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம்.
கூரையிலிருந்து பிடித்த மழையில் கலக்கி
ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றவிட்டேன்.
பிறகு ஒரு கல்லை வைத்துவிட்டு
நாற்பது நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறும் தண்ணீர் இல்லையாம்.
கல்லின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாதவை
நஞ்சைத் தின்னப் பழகிக்கொண்டிருந்தனவாம்.
ஞானசெல்வி கேட்டாள்:
"மீனே இல்லாத தொட்டிக்கு மாசம் இருவது யூனிட்டா,
அதுவும் கரண்ட்காரன் வீட்டுல?"

முதலில் பழுப்புத் தூசி எல்லாவற்றையும் மூடியது.
துடைத்தேன். மூடியது. துடைத்தேன்.
ஒருநாள் அதுவாகவே போய்விட்டது,
வந்ததற்கும் போனதற்கும் காரணம் சொல்லாமல்.
கல்லில் ஊதாவாய் ஒரு புள்ளி, மிளகளவு.
அதற்குப் பிறகுதான் நத்தை.
அதற்கும் பிறகு, ஏழு பச்சை வாய்களோடு
சட்டைப் பொத்தான் அளவு பவளத்துண்டு,
நெவிலின் தொட்டியில் வளர்ந்தது,
கடலைக் கீறி எடுத்தது அல்ல.

கண்ணாடியில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு.
காலையில் தண்ணீர் அதற்குக் கீழே நிற்கும்.
உப்பு போகாது. தண்ணீர் மட்டும்தான் போகும்.
இருப்பது கரிக்கும், இன்னும் கரிக்கும்.
ஆகவே ஊற்றவேண்டியது நல்ல தண்ணீர்.
இது விளங்காமல் முதல் மாதம்
உப்புத்தண்ணீரையே ஊற்றி ஊற்றி
முந்தைய நத்தையைக் கொன்றவன் நான்.

ஆனிக் காற்றில், பத்தனைக்கு அப்பால்
கம்பியின் மேல் ஒரு டர்பன்டைன் மரம் சாய்ந்தது.
தொடுவதற்கு முன் லைனைக் கொல்லவேண்டும்.
நீளக் கோலால் கொளுக்கியை இழுத்தது நான்தான்.
பள்ளத்தில் வீடுகள் வரிசையாக அணைந்தன.
அதிலொன்று என்னுடையது என்று
விமலசிறிக்குச் சொல்லவில்லை.
சொன்னால் அவசரப்படுவார்.
கம்பத்தில் அவசரப்பட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

ஐந்து மணி நேரம்.
மழையில் கம்பியை முறுக்கும்போது
விரல்கள் வேறொரு தண்ணீரை எண்ணின:
இருபத்தாறு பாகை, இருபத்தைந்து,
இருபத்து நாலு.

வீட்டில், யூனிட் கணக்குக் கேட்டவள்
தன் கம்பளிச் சால்வையைத் தொட்டிக்குச் சுற்றியிருக்கிறாள்.
சுடுதண்ணீர் நிறைத்த மருந்துப் போத்தலை
நூலில் கட்டி உள்ளே இறக்கியிருக்கிறாள்.
பம்ப் நின்ற இடத்தில் மகள் துஷாந்தினி,
சிரட்டை அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றியபடி,
நூறு தடவை, கொஞ்சம் ஆறுதல், மறுபடி நூறு.

விடியும்போது வந்தேன். இருபத்தொன்று.
ஏழு வாய்களும் முடிச்சாக இறுகியிருந்தன.
நத்தை கவிழ்ந்து கிடந்தது,
எடுத்து முகர்ந்தேன். நாறவில்லை. உயிர்தான்.

அப்போது துஷாந்தினி சொன்னாள்:
டோர்ச் அடித்தபோது கல்லுக்கு அடியிலிருந்து
கைகள் வந்ததாம்,
மெலிந்து, முள்முள்ளாய், பாம்புவால் போல், ஐந்து.
தண்ணீரைத் தடவிப் பார்த்ததாம்,
அகப்பையின் ஓரத்தையும்.

எட்டு மாதமாக நான் எழுதிவைத்த கணக்கில்
அது இல்லை.
யாரும் அதற்குச் சாப்பாடு போட்டதில்லை.
கல்லோடு பஸ்ஸில் வந்து,
நஞ்சு நாட்களையும் குடித்து,
விளக்கு எரியும் மட்டும் ஒளிந்திருந்திருக்கிறது.
பொய் சொல்கிறாய் என்று வாயெடுத்தேன்,
ஞானசெல்வியும் தலையாட்டினாள்.

இப்போது இரவு பத்துக்கு
நானே விளக்கை அணைக்கிறேன்.
மூன்று பேரும் இருட்டில் உட்காருகிறோம்.
எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்று ஒரு வாய் பாதி திறந்தது.
தண்ணீர் கோட்டுக்குக் கீழே, அரை விரல்.
மூன்று கரண்டி மழை.