கூட்டக் குறிப்பு

வருகை: முப்பத்துநான்கு பெற்றோர்.
பிள்ளைகள் நாற்பத்தொன்று, ஒன்றிலிருந்து ஐந்தாம் தரம் வரை.
தொகை இப்படியே போனால்
பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதுபற்றி வலயம் யோசிக்குமாம்.
கடிதத்தை அதிபர் இரண்டு தரம் வாசித்தார்,
இரண்டாம் தரம் மெதுவாக.

முதலில் எழும்பியது குகநேசன்.
வங்கியிலிருந்து நேரே வந்தவர், கழுத்தில் அடையாள அட்டை.
"மூண்டு வருசம். புலமைப்பரிசிலில ஒரு பிள்ளையும்
வெட்டுப்புள்ளி தாண்டேல்லை.
நான் ஆரையும் குறை சொல்லேல்லை. கணக்கைச் சொல்லுறன்."
கணக்கைத்தான் சொன்னார்.
எழுதினேன்.

சிவாஜினி எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னாள்:
"ரவுண் பள்ளிக்கூடத்தில என்ர மகள்
நாப்பத்திரண்டு பிள்ளையளுக்குள்ள கடைசி வாங்கு.
வருசம் முழுக்கக் 'கவனமில்லை' எண்டு றிப்போட்.
இஞ்ச வந்து ஒன்பதாம் நாள்
பத்மலோஜினி ரீச்சர் கேக்கிறா,
இவளுக்கு இடக்காது கேக்குதோ எண்டு."
பிறகு இன்னும் எதையோ சொல்ல வந்து
கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

கமலரூபன் வேலைத்தலத்திலிருந்து ஓடி வந்தவன்,
கணுக்கால் வரை சீமெந்து, உள்ளே வராமல் வாசலில்.
"மத்தியானச் சாப்பாடு நல்லம்" என்றான்.
ஒருவர் சிரித்தார்.
"சிரியாதேங்கோ. திங்கள் கௌபி, செவ்வாய் முட்டை.
எனக்கு வேலை இல்லாத கிழமையிலயும்
செவ்வாய்க்கிழமை முட்டை."

ரொறொன்ரோவில் இருந்து வந்த ஆறு கணினிகளும்
ஏன் இன்னும் பொலித்தீன் உறையோடு இருக்கின்றன,
அறைத் திறப்பு யாரிடம் என்று
அரைமணித்தியாலம்.
பெட்டையளின் கழிப்பறைக் கதவுக்குக்
கொண்டி இல்லை என்பதற்கு
அரை நிமிடம்.

"பிள்ளை ஆரோட சேருது எண்டதும் இருக்குத்தானே."
பின்வரிசையில் ஒரு குரல்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
யார் சொன்னதென்று எல்லோருக்கும் தெரியும்,
யாரைச் சொன்னதென்றும்.
கமலரூபன் ஒரு காலின் சீமெந்தை
மற்றக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.
இதை எந்த இலக்கத்தின் கீழ் எழுதுவது?
பேனையை மூடித் திறந்தேன்.
மை வருகிறதா என்று பார்ப்பதுபோல.

இரண்டேமுக்காலுக்கு வான் வந்து நிற்கும் சத்தம்.
என் கணவரின் வான்.
இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் பதினாறு பேர்
கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு இறங்குகிறார்கள்.
அந்தப் பதினாறும் இங்கே படித்தால் ஐம்பத்தேழு,
கடிதம் வந்திராது.
அந்தப் பதினாறும் இங்கே படித்தால்
வானுக்கு லீசிங் யார் கட்டுவது?
"முன் சீற்றில எங்கட பொடியன், காசில்லாமல்.
உமக்கு இன்னும் என்ன யோசினை?"
ஒவ்வொரு இரவும் நுளம்புவலைக்குள் இதே கேள்வி.
விண்ணப்பம் அவர் நிரப்பிவிட்டார்.
தாயின் கையொப்பம் என்ற இடம் மட்டும் வெறுமையாக
இந்தக் கொப்பியின் பின்னட்டைக்குள் கிடக்கிறது.

"பெற்றோர் பல்வேறு கருத்துகளைத் தெரிவித்தனர்"
என்று எழுதி அதிபரிடம் நீட்டினேன்.
"இப்பிடி எழுதினா வலயத்துக்கு விளங்காது, பிள்ளை.
எத்தினை பேர் எண்டு போடும்."

கை உயர்த்தினார்கள்.
சேர்க்க வேண்டாம்: இருபத்துமூன்று.
சேர்க்கலாம்: பத்து.
குகநேசன் எதற்குத் தூக்கினார் தெரியுமோ?
வேண்டாம் என்றதற்கு. எனக்கே ஆச்சரியம்.
அவர் மகன் இந்த வருசம் ஐந்தாம் தரம்,
நடுவில் மாற்ற ஏலாது என்று பிறகு சொன்னார்.

அதிபர் கூட்டிப் பார்த்தார்.
"ஒண்டு குறையுது, செயலாளர்."
"என்ர கையில பேனை இருந்தது, சேர்" என்றேன்.

வெளியே என் மகன்
வானின் முன் சீற்றில் ஏறியிருந்து
வீட்டுக்குப் போக ஹோன் அடிக்கிறான்.
அதிபர் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிவு: மூன்று பத்து.