பழையதன் மேல் எழுதும்

காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை.
பெங்களூரா வரத்து உச்சம்; லாரி வரிசை
எடைமேடை தாண்டி, பங்க் தாண்டி நிற்கிறது.
கொதிகலனுக்கு மேலே, ஏசி செத்த அறையில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
வெள்ளிக்கிழமை பிறந்து இரண்டு மணிநேரம்.

செவ்வாய், விடிவதற்கு வெகு முன்னால்,
இரண்டு பதினேழுக்கு
வால்வு தானாகத் திறந்தது என்கிறாள் முனிலட்சுமி.
இடது முழங்கை வரை கட்டு.
தூங்கிவிட்டாள் என்கிறது
திம்மராயன் சார் எழுதிய தாள்.
அடியில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.
வலது கை நன்றாகத்தானே இருக்கிறது.

கணினியின் நிகழ்வுப் பதிவுக்கு
அளந்துவிட்ட படி இருபது எம்பி.
நிறைந்தால் பழையதன் மேல் எழுதிக்கொள்ளும்.
லேபிள் பிரிண்டரைக் காணோம், பிரிண்டரைக் காணோம் என்று
நிமிடத்துக்குப் பத்துத் தடவை
புலம்பியே தின்றிருக்கிறது மற்ற நாட்களை.

மிஞ்சியதில் மிகப் பழைய வரி:
செவ்வாய், ஒன்று ஐம்பத்தெட்டு.
டீ குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
இரண்டு ஆறு.

மவுஸால் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
கறுப்புத் திரையில் தட்டினேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
நிர்வாகியின் கடவுச்சொல்
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தது:
சாருடைய புல்லட்டின் நம்பர்.

இனி ஒரே வரி.
எஸ் எல் என்றால் அமை.
சி எல் என்றால் துடை.
இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம்,
என் விரலிலோ மாங்கூழ்.
எஸ். எல். சிஸ்டம். ஒரு ஜிபி.
அதன் பத்து இலக்கத்தையும் வாய்விட்டு எண்ணினேன்,
பஸ்ஸில் சில்லறை எண்ணுகிற மாதிரி.
என்டர்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குச் சரி என்றால் மௌனம்தான்.

இரண்டு பதினொன்றில் நின்றது விளிம்பு.
கீழே உருட்டினேன்.
'இரண்டு பதினேழுக்கு நேர்ந்த முந்தைய நிறுத்தம்
எதிர்பாராதது.'
வால்வைப் பிடித்திருந்த கணினி
செத்து, இரண்டு நிமிடத்தில் எழுந்து,
தன் சாவைத் தானே எழுதிவைத்திருக்கிறது.
தூங்கியது அது.

பென்டிரைவில் பாதி ஏறியிருக்கும்.
பின்னால் செருப்புச் சத்தம்.
"அதத் தொடச்சுடும்மா, சிஸ்டம் ஸ்லோவா இருக்குல்ல."

தொடைக்கலாம் சார்.
தொடைச்சதும் முதல் வரியா அதையேதான் எழுதும்,
தொடைச்சது யாருன்னு.
இப்ப உங்க பேர்லதான் உள்ள போயிருக்கேன்.

அவர் விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார்.