மிதப்பவை

சொந்த வீட்டுக் கதவை
மூன்று முறை தட்டிவிட்டு
ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறார்.
திறந்துதானே கிடக்கு, வாங்க என்றேன்.
பழக்கம் என்றார்.
வத்தலக்குண்டு பஸ்ஸின் டீசல் வாடை சட்டையில்.
பண்ணைக்காட்டில் அன்று மதியமே மேகம் இறங்கிவிட்டது.

பெட்டிக்குள், காலுறைகளில் சுருட்டி,
பதினெட்டு அறைகளில் மிச்சமானவை:
தீப்பெட்டி அளவு சோப்புகள்,
தலையில் மாட்டும் பிளாஸ்டிக் உறை,
யாரோ ஒருநாள் மட்டும் நடந்த வெள்ளைச் செருப்பு,
ஒரு கப்புக்கு ஒன்றாகக்
காப்பித்தூள் பொட்டலம் நாற்பத்திரண்டு.

கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தியா ஜெரால்டு
என்று பூங்கொடி அக்கா வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
போகும்போது நாலு எடுத்துக்கொண்டாள்.

உறை, மாவுப் பானையின் வாய்க்குச் சரியாக இருந்தது.
செருப்பு, ராத்திரி கழிப்பறைக்குப் போக.
'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை
ஷெரின் கோழிக்கூட்டில் மாட்டினாள்.
அடைக்கோழி இரண்டு நாளாக யாரையும் சேர்ப்பதில்லை.

துண்டை மடித்து அவளுக்கு அன்னம் செய்தார், யானை செய்தார்.
அவள் காட்டுமாடு கேட்டாள்.
கப்பலில் யாரும் அதைக் கேட்டதே இல்லையாம்.
இரண்டு துண்டு, ஒரு மணி நேரம்,
வந்தது, எருமைக்கும் நாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று.
அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

அவ்வளவு பணக்காரங்களுக்கு என்னதான் குறை?
காப்பிதான் என்றார்.
நூற்றுப்பத்து நாள் கடல்,
தலையணையில் மட்டும் ஒன்பது வகை,
ஆனாலும் கண் விழித்த இடத்திலேயே
ஒரு வாய் சூடாக வேண்டும்.
அறையில் கெண்டி வைக்கக் கூடாது, தீ பயம்.
எட்டாம் தளத்து அம்மா ஒருத்தி
கம்பளிச் சட்டைக்குள் சுற்றி ஒன்று கொண்டுவந்திருந்தாள்.
இவர் பார்த்தார். பார்க்கவில்லை.
சோதனை நாட்களில்
அழுக்குத் துணி வண்டியின் அடியில்
கெண்டி இவரோடு தளம் தளமாகப் போய்வரும்.

மாட்டினா வேலை போயிருக்குமே.
எனக்கும் அரை கப் வைப்பாங்க என்றார்.

உங்க அறை?
தண்ணி மட்டத்துக்குக் கீழே.
ஜன்னல் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம் மீன்தான்.

நான் எங்கள் பல்ப்பர் தொட்டியைச் சொன்னேன்.
பழத்தைத் தண்ணீரில் கொட்டினால்
மூழ்குவது முதல் தரம், லாரியேறும்.
மிதப்பதை வழித்துத் தள்ளுவோம்.
வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம்.
இத்தனை வருசம் இந்த வீட்டில் காய்ந்து, வறுபட்டு,
கருப்பட்டி போட்டுக் குடித்ததெல்லாம் மிதந்ததுதான்.
அவர் டம்ளருக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றார்.

ராத்திரி படுக்கை விரித்தார்.
காசைச் சுண்டினால் எகிறும், அத்தனை இறுக்கம்.
விரித்துவிட்டு அதில் உட்காரவில்லை.
ஒன்பது மாதமாக உட்காரக் கூடாத படுக்கைகள்.
கையைப் பிடித்து இழுத்துக் கிடத்தினேன்.
இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் நிற்கிறார்.
என்னாச்சு?
ஒண்ணும் அசையமாட்டேங்குது என்றார்.

மறுநாளும் அப்படியே.
மூன்றாம் நாள், அவர் குளிக்கப் போன நேரம்,
கட்டிலின் குட்டைக் காலுக்குக் கீழே
நான் கல்யாணமான வருசம் திணித்த
சில்வர் ஓக் சில்லை உருவினேன்.
திரும்பிப் படுத்தால் டக்.
மூச்சு விட்டால் கூட லேசாக ஒரு டக்.
விடிந்து, பஸ் இரண்டு போய்,
பழம் பறிக்கப் போனவர்கள் பத்து மணி டீக்கு உட்கார்ந்தும்
எழவில்லை மனுசர்.
கோழிக்கூட்டு அட்டையைக் கழற்றி
எங்கள் கதவில் மாட்டினேன்.

போகிற அன்று பெட்டியில் அரைக்கிலோ வைத்தேன்.
மூழ்கியது.
இரண்டு நாள் கூலிக்குப் பதிலாக
மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வறுத்தது.
உங்களுக்கு முக்கால், அந்தம்மாவுக்குக் கால் என்றேன்.
அந்தம்மா இறங்கிப் போயாச்சு, இப்ப வேற ஆளு என்றார்.
வேற ஆளுக்கும் விடியும்ல.

சில்லு இன்னும் ஜன்னல் கட்டையில் கிடக்கிறது.
மறுபடி திணிக்க வேண்டும்.
பகலில் ஞாபகம் வருகிறது.
ராத்திரி புரண்டு படுத்தால்
டக்.