பூமான்

ஜார்ஜ் டவுன் பதிவு அலுவலகம்.
எண் மூவாயிரத்து நாற்பத்தேழு.
மகனுக்கு ஒன்பது நாள், கண்ணில் இன்னும் மஞ்சள்.
அவர் பைக்கை நகர்த்தக் கீழே போயிருக்கிறார்.

"போமாண்ட்... இது ஆள் பேரா, புவான்?"

ஊர்ப் பேர்.
நார்மண்டியில் ஒரு குன்று;
அழகுமலை என்று அர்த்தமாம்.
குதிரைகளோடு கப்பலேறிய நாளில்
முன்னால் ஓர் ஒட்டு இருந்தது,
'இன்ன ஊரின்' என்பதுபோல.
இங்கிலாந்து அதை உதறிவிட்டு
வாயடைத்துக் கிடந்த கடைசி எழுத்தைப்
பேசவைத்தது.

நிபோங் திபால் ரப்பர்க் காட்டில்
எங்கள் ஆட்கள் வாயில் அது
பூமான் துரையாயிற்று.
அரைநாள் சம்பளம் பிடித்தவனுக்கு
எவ்வளவு நல்ல தமிழ்!

துரை கப்பலேறினான்,
பதினாலாம் நம்பர் லயத்தில் பிறந்த பிள்ளையிடம்
பேரை மட்டும் விட்டுவிட்டு.
அந்தப் பிள்ளையின் பேரன்தான்
இப்போது கீழே
சம்மன் எழுதுகிறவனோடு சண்டை போடுகிறவர்.

"ஏ-எல் போடவா?"

அனாக் லெலாக்கி. இன்னாரின் மகன்.
கடலில் விழுந்த ஒட்டு
மலாய் பேசிக்கொண்டு கரையேறுகிறது.

போடுங்கள் என்கிறேன்.
எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்: பி, இ, ஏ...
கடைசி 'டி'யில்
பிள்ளை தும்முகிறான்.