இடது கை, மூன்றாவது தெறி

இரண்டு கோட் எனக்கு.
சாம்பல் ஒன்று, கருநீலம் ஒன்று.
கறுப்பு வாங்கவில்லை, அது வழக்கறிஞர்களுக்கு.
நீதிமன்றத்தில் என் உடுப்புக்கு ஒரே வேலை,
ஒருவர் கண்ணிலும் படாதிருப்பது.
என் குரலுக்கும் அதே வேலைதான்.

இன்று உடுத்ததை நாளை உடுத்தக் கூடாது.
கம்பளி ஒரு நாள் தூங்கி எழும்ப வேண்டும்.
பொக்கற்றைக் காலியாக்கி
(தொண்டைக்கு வைத்த இஞ்சி மிட்டாய், பார்க்கிங் துண்டு)
அகலத் தோள் கொழுவியில் கொழுவி
தோளிலிருந்து கீழ்நோக்கி
ஒரே திசையில் தூரிகை ஓட்டுவேன்.
சுகிர்தா சொல்லுவாள்:
"என்ர முதுகை ஒரு நாளாவது இப்பிடித் தடவியிருப்பியளே?"
நான் மொழிபெயர்க்காமல் விடும் வசனங்களில்
அதுவும் ஒன்று.

ஜனவரி பிறந்தால் எதிரி உப்பு.
ஃபிஞ்ச் அவெனியூவில் மாநகரசபை கொட்டுகிற உப்பு
சப்பாத்தில் ஏறி, காற்சட்டை விளிம்பில் ஏறி
வேட்டிக்கரை போட்டுவிட்டுத்தான் ஓயும்.
ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணீர்,
பழைய பனியன் துண்டு.
ஈரச் சப்பாத்தை ஹீற்றரின் அருகில் வைத்தால்
தோல் வெடிக்கும்.
பேப்பரைக் கசக்கி உள்ளே திணிக்க வேண்டும்.
கடைவாசலில் இலவசமாய்க் கிடக்கும் தமிழ்ப் பேப்பர்
நன்றாக உறிஞ்சும்.
வீடு விற்பவர்கள் பக்கம் பக்கமாய்ச் சிரித்தபடி
என் பெருவிரலுக்குள் போவார்கள்.

அடிக்கடி ட்ரைகிளீனிங் கொடுக்காதே என்று சொன்னவர்
ட்ரைகிளீனிங் கடைக்காரரேதான்.
பெஹ்ரூஸ்.
தன் பிழைப்பில் தானே மண் போடுகிற மனிதர்.
"வருடம் இரண்டு தடவை. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்."
ஒருமுறை கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எல்லாம் புதிதுபோல இருக்கிறது.
இடது கையில் மூன்றாவது பட்டன் மட்டும்
ஏன் எப்போதும் தொங்குகிறது?"

கதவோரம் ஏதோ விலைப்பட்டியலை
வாசிப்பதுபோல் நின்றேன்.

மொழிபெயர்ப்பாளனுக்கு 'அவர்' கிடையாது.
சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்'.
திங்கள் காலை, நான் நாலு மாத வாடகை கட்டாதவன்.
பின்னேரம், கூரை ஒழுகுது என்று
மூன்று கடிதம் போட்ட கிழவி.
செவ்வாய், சத்தியமாய் இரண்டு பியர் மட்டுமே குடித்தவன்.
வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்வரை
யாரென்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

மார்ச்சில் ஒரு புதன், குடும்ப நீதிமன்றம்.
கந்தவனம் நிமலரூபன், முப்பத்தெட்டு,
உணவகச் சமையலறையில் இரவு வேலை.
புத்தம் புதுக் கோட்.
பின்வெட்டு விரியாமல் தையற்காரன் போட்ட
வெள்ளை நூல் பெருக்கல் குறி
வெட்டப்படாமல் அப்படியே இருந்தது.
கைவிளிம்பில் கம்பெனிப் பெயர்த்துண்டும்.
அரை நிமிட வேலை.
சாட்சியோடு தனியே கதைக்கக் கூடாது என்பது ஒரு விதி.
கத்தரிக்கோல் வாசல் காவலைத் தாண்டாது என்பது இன்னொன்று.

"பதினொரு மாசமா நான் என்ர பிள்ளையைக் காணேல்லை" என்றார்.
நான் ஆங்கிலத்தில்
பதினொரு மாதம் பிள்ளையைக் காணாமல் இருந்தேன்.
"அவளுக்கு இப்ப என்ன அளவுச் சப்பாத்து எண்டும்
எனக்குத் தெரியாது."
அதையும் சொன்னேன்.
குரல் நடுங்கவில்லை, சொல் எதுவும் சிந்தவில்லை.
மேசைக்குக் கீழே வலது கை
தெறியைத் திருகிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு பிறகாம்.
அவர் எழும்பித் திரும்பி நடந்தார்.
நீண்ட தாழ்வாரம் முழுக்க
அந்த வெள்ளைக் குறி எனக்கு முன்னால் போய்
லிஃப்டில் ஏறியது.

இரவு, கருநீல நூல்.
மெழுகில் ஒருதரம் இழுத்தால் சிக்கு விழாது.
தெறிக்கு நாலு துளை.
எப்போதும் குறுக்கும் மறுக்குமாகத்தான் தைப்பேன்.
இன்று இரண்டு நேர்கோடாகத் தைத்து
பல்லால் நூலைக் கடித்தேன்.

கோட் கொழுவியில் தொங்குகிறது.
அதற்கு நாளை ஓய்வு.