நிறுவைக்குப் பிறகு

டிக்கோயாவில் மாதம் ஒருதரம் கிளினிக்.
அன்றைக்கு எனக்குப் பேர் இல்லை,
அரைப் பேர்கூட எழுதமாட்டார் கங்காணி.

கொப்பியைப் புரட்டிக்கொண்டே டொக்டர் கேட்பார்:
"மருந்து ஒழுங்கா குடிக்கிறதா?"
அவருடைய தமிழில் ஆள் இருக்காது.
யார் குடிக்கிறது என்று சொல்லாத கேள்விக்கு
"ஆமாங்க" என்றால் அது பொய்யா?

ஐந்து வகைக் குளிசை.
உறையில் எழுத்தெல்லாம் சிங்களம்.
பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்கிற சின்னவன்
ஒவ்வொன்றிலும் சூரியனும் நிலாவும் கீறித் தந்தான்.
ஒன்றில் மட்டும் சூரியனுக்குப் பக்கத்தில்
ஒரு பானை, வாயெல்லாம் தண்ணீர்.
"இது ஒண்ணுக்குப் போக" என்று சிரித்தான்.

அந்தப் பானைக் குளிசையைத்தான்
மலைக்குப் போகிற நாளில் நான் தொடுவதில்லை.

ஒன்பதாம் நம்பர் மலையில்
இடுப்புயரம் தேயிலை, அதற்கு மேலே வானம்.
நின்ற நிழல் மரங்களையும்
போன வருஷம் வெட்டி லொறியில் ஏற்றிவிட்டார்கள்.
கீழே சுடலையாண்டிக் கங்காணி,
எதிரே மருந்தடிக்கிற பொடியன்கள்.
குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று தரம்.
கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து,
அட்டை ஏற ஏறக் கானுக்குள் குந்தி எழும்ப
இரண்டு கிலோ போய்விடும்.
பதினெட்டில் இரண்டு குறைந்தால் அரை நாள்தான் விழும்.

ஆகவே அது ஞாயிற்றுக்கிழமைக் குளிசை.
மிச்ச ஆறும் மைலோ டின்னுக்குள்.

கிளினிக்கில் காலைப் பார்ப்பார்கள்.
பெருவிரலால் அழுத்தினால் பள்ளம்
நான் இருபது எண்ணும்வரை அப்படியே கிடக்கும்,
ஈரப் பாதையில் மாட்டுக் குளம்படி மாதிரி.
பிரஷர் இறங்கவில்லை, கிரியேட்டினின் ஏறிவிட்டது.
டொக்டர் கூட்டி எழுதினார்.
ஒன்று இரண்டானது.
இரண்டையும் டின் வாங்கிக்கொண்டது.
அந்த டின்னுக்குச் சிறுநீரகம் இருந்திருந்தால்
இந்நேரம் எவ்வளவு சுகமாக இருக்கும்.

ஐப்பசியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் புதுப் பிள்ளை.
வட்டவளையாம். ஹம்ஸவேணி.
"மிச்சம் இருக்காக்கா?" என்றாள்,
கடையில் சில்லறை கேட்கிற குரலில்.
வாய் தவறிவிட்டது:
"நூற்று நாலு."
(எண்ணாமல் இருப்பேனா?)

அவள் திட்டவில்லை. பேனையை வைத்தாள்.
"மலைக்கு எத்தனை மணிக்கு ஏறுறீங்க?
கடைசி நிறுவை எப்ப?"
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
உள்ளே போய் டொக்டரோடு சிங்களத்தில்
சண்டை போலப் பேசிவிட்டு வந்து
உறையில் சூரியனை வெட்டினாள்,
கோணலாக ஒரு தராசு கீறினாள்.
"கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பிறகு.
ஒண்ணுதான். ரெண்டு இல்ல."

எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்,
கதவுக்குப் பதில் உரச் சாக்கு.
மழையோடு மழையாக நாலு தரம் போய் வருகிறேன்.
"என்ன, வயித்தாலயா?" என்கிறாள் அடுத்த காம்பரா லோகாம்பாள்.
நேற்றுக் காலை அழுத்திப் பார்த்தேன்.
பதினொன்று எண்ணுவதற்குள் பள்ளம் மேலே வந்துவிட்டது.

இன்னொன்று இருக்கிறது,
வெள்ளையாய், சுண்ணாம்புக் கட்டி மாதிரி.
சாப்பாட்டோடு மூன்று வேளை என்று அதில் போட்டிருக்கிறதாம்.
குளிசையை மூன்று வேளைக்குத் தருகிறார்கள்.

அதை
அடுத்த மாதம் ஹம்ஸவேணியிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.